நிலப் பதிவேடும் கணிப்பொறியும்: பார்த்து எழுதுதலும் ஒப்பு நோக்குதலும்

சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, ஊர்ல இருக்கிற நிலமெல்லாம் இப்போ செல்போன்லயே தெரியுதே. பட்டா தெரியுது, வில்லங்கம் தெரியுது. இனிமே நாம இங்கே பெங்களூர்ல நிம்மதியா இருக்கலாம் இல்லையா?”

நியாயமான கேள்விதான். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள் நம்மில் பல. ஊரில் ஒரு காணியோ அரைக் காணியோ, பாழடைந்த வீடோ மனையோ இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க முன்பெல்லாம் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. இன்று திரையில் தெரிகிறது. ஆனால் தெரிவது வேறு, சரியாக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யானை நடந்த எல்லை

நிலத்தைப் பதிவு செய்வது நமக்குப் புதிதல்ல. ஆனைமங்கலம் செப்பேடு என்று ஒன்று உண்டு. நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் பள்ளிச்சந்தமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். சமணனாகிய எனக்கு அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் இந்தச் செப்பேடு அறிமுகமாயிற்று.

அதில் என்னைக் கவர்ந்தது கொடையைவிட அது நடந்த முறை. அரசன் வாயால் சொன்னதை ஓலை எழுதுபவன் எழுதுகிறான். மேலதிகாரிகள் அதைச் சரிபார்த்து ஒப்பமிடுகிறார்கள். பிறகு வரிக் கணக்கில் ஏற்றுகிறார்கள். அதற்கும் பின்னால் நாட்டாருக்கு ஆணை போகிறது. அவர்கள் கூடி, பெண் யானையை நடத்தி, எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கு எல்லையையும் எழுதித் தருகிறார்கள். செம்பில் வெட்டியது இராசேந்திரன் காலத்தில்.

வரிசையைக் கவனியுங்கள். ஓலை, கணக்கு, எல்லை, அதற்குப் பிறகே செம்பு. அழியாத பொருளில் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடந்துவிட்டார்கள். ஏனென்றால் செம்பில் வெட்டிய பிழை செம்பு இருக்கும் வரை இருக்கும். கணிப்பொறியும் ஒரு வகையில் செம்புதான். அதில் ஏறிய பிழையும் அத்தனை எளிதில் இறங்காது.

கர்நாடகத்தின் ‘பூமி’

நாம் வாழும் இந்தக் கர்நாடகத்தில்தான் இந்தியாவில் பெரிதும் பேசப்பட்ட நிலப் பதிவுத் திட்டம் நடந்தது. அதற்கு ‘பூமி’ என்று பெயர். 2000ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு விவசாயியின் பஹணிப் பத்திரம் கிராமக் கணக்கர் கையில் இருந்தது. ஒருவர் பொறுப்பில் மூன்று நான்கு கிராமங்கள். அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடன் வாங்க வங்கிக்குப் பஹணி வேண்டும், நீதிமன்றத்துக்கும் வேண்டும், ஆனால் அது அவர் மனசு வைத்தால்தான் கிடைக்கும்.

சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களின் சுமார் 2 கோடிப் பதிவுகளை 170க்கும் மேற்பட்ட தாலுகா அலுவலகங்களில் கணிப்பொறியில் ஏற்றினார்கள். 15 ரூபாய் கொடுத்தால் சாளரத்தில் அச்சிட்ட பஹணி கிடைத்தது. பெங்களூரில் உள்ள பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் எடுத்த கணக்கில், பழைய முறையில் மூன்றில் இரண்டு பேர் கையூட்டு கொடுத்ததாகச் சொன்னார்கள். புதிய முறையில் அப்படிச் சொன்னவர்கள் 100க்கு 3 பேர்.

கணிப்பொறி வாங்கி வைத்த அலுவலகங்கள் இந்தியாவில் ஆயிரக்கணக்கில் உண்டு. பல இடங்களில் அது துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ‘பூமி’ மட்டும் ஏன் ஓடியது? நான் படித்தறிந்த வரையில் காரணங்கள் நான்கு.

முதலாவது, கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு கணக்கும் கூடவே நடந்தால் பழையதுதான் வெல்லும். கடை வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். இரண்டாவது, மாறுதல் மனுக்கள் வந்த வரிசைப்படிதான் எடுக்கப்பட வேண்டும், நடுவில் ஒருவரைத் தூக்கி முன்னால் வைக்க மென்பொருள் இடம் தராது. மூன்றாவது, திருத்தம் செய்யும் அலுவலர் தன் கைரேகையை வைத்துத்தான் உள்ளே நுழைய முடியும். ‘நான் செய்யவில்லை’ என்று பின்னால் சொல்ல வழியில்லை. நான்காவது, ஏற்றிய விவரங்களை அச்சிட்டுக் கிராமக் கணக்கர்களிடமே கொடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியில் அதிகம் பேசப்படாத இந்த நான்காவதுதான் என் பார்வையில் முக்கியமானது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. அவர்கள் ஒப்பிட்டது புத்தகத்தோடு. நிலத்தோடு அல்ல. செத்துப்போனவர் பெயரில் பஹணி இருந்தால் கணிப்பொறியிலும் செத்துப்போனவர் பெயரே வந்தது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு இருபது வருஷமாகத் தனித்தனியே உழுதாலும் திரையில் ஒரே பெயர்தான். பார்த்து எழுதுபவன் மூலத்தைத் திருத்த மாட்டான், திருத்தவும் கூடாது. கணிப்பொறி மிக வேகமாகப் பார்த்து எழுதும் எழுத்தன், அவ்வளவே.

தமிழ்நாட்டில் நடந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிராமக் கணக்கு பரம்பரைக் கர்ணம்களிடம் இருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பிறகு தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கர்ணம் கையில் ஊரே அடங்கிக் கிடந்த கொடுமை நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஒழித்தது சரியே. ஆனால் எந்தக் கழனி யாருடையது, அவர் யார் மகன் என்ற விவரம் கர்ணம் தலைக்குள் இருந்தது. அது புத்தகத்தோடு சேர்ந்து கைமாறவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது. ஊரில் ‘யுடிஆர்’ என்றால் எல்லாருக்கும் புரியும். பட்டாக்களைப் புதிதாக எழுதினார்கள். பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. அதாவது ஊரை நன்றாக அறிந்தவர் போன சமயத்தில் ஊர்க் கணக்கைப் புதிதாக எழுதினார்கள். பெரும்பாலும் சரியாகவே எழுதினார்கள். ஆனால் விடுபட்ட பெயர், மாறிய தகப்பனார் பெயர், பக்கத்து எண்ணில் ஏறிய பரப்பு என்று பிழைகளும் நேர்ந்தன. ‘யுடிஆர் பிழை’ என்பது தாலுகா அலுவலகங்களில் இன்றும் அன்றாடம் புழங்கும் சொல்.

அந்த யுடிஆர் பதிவேடுதான் பின்னால் கணிப்பொறிக்குப் போனது. இன்று ‘தமிழ்நிலம்’ என்ற பெயரில் நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சியே. ஊரில் இருந்தவன் கிஸ்தி கட்டும்போதோ கடன் வாங்கும்போதோ பிழையைக் கண்டு மனு கொடுத்தான். வெளிமாநிலத்தில் இருந்த நாம் பார்க்கவே இல்லை. நம் பிழைகள்தான் அப்படியே செம்பில் ஏறின.

ஒரு சொல் விடுபட்ட கதை

பிறர் கதை எதற்கு, என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். வந்தவாசிப் பக்கத்து ஊர் எங்களுடையது. என் தாத்தா 1958இல் கிரயம் வாங்கிய நிலம் 1 ஏக்கர் 10 சென்ட். 1971இல் காலமானார். பட்டாவை யாரும் மாற்றவில்லை. ‘நம்ம நிலம் எங்கே போயிடும்’ என்ற எண்ணம்தான்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் தம்பி மகன் செல்போனில் பட்டாவைப் பார்த்துவிட்டு, “பெரியப்பா, இதில நம்ம பேரே இல்லியே” என்றான். வேறொரு குடும்பத்தார் பெயரில் கூட்டுப் பட்டா இருந்தது. நிலத்தைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று நான் வாய்க்கு வந்தபடி பேசியது உண்மை. போய்ப் பார்த்தால் நடந்தது வேறு. தமிழ்ச் சமணர்களாகிய எங்களுக்குப் பெயரின் பின்னால் ‘நயினார்’ என்று வரும். யுடிஆரில் அந்த ஒரு சொல் விடுபட்டுப் போயிற்று. தாத்தாவின் பெயர் எல்லா வகுப்பாரும் வைக்கும் பொதுவான பெயர். அதே பெயரில் ஊரில் இன்னொருவர் இருந்தார். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய தகப்பனார் பெயர் விழுந்துவிட்டது. அவர் பேரன் அதைத் தன் தாத்தாவின் நிலம் என்றே நம்பி, முறைப்படி மனு கொடுத்துப் பட்டா மாற்றியிருந்தார். அவரிடம் குற்றமில்லை. கணிப்பொறியிடமும் குற்றமில்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டியது.

சரிசெய்யப் பதினான்கு மாதம் ஆயிற்று. 1958ஆம் ஆண்டுப் பத்திரம் நல்லவேளையாகக் கரையானுக்குத் தப்பியிருந்தது. 1971இன் இறப்புப் பதிவைத் தேடி எடுப்பதற்கே மூன்று முறை நடந்தேன். பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லையும் இன்றைய சர்வே எண்ணும் பொருந்துகின்றன என்று காட்ட வேண்டியிருந்தது. பத்திரத்தில் எல்லையாகச் சொன்னவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. அப்போது துணைக்கு வந்தவர் எங்கள் அத்தை. வயது எண்பத்து நான்கு. சர்வேயரை வரப்பில் நிற்க வைத்து, “கிழக்கே இருக்கிற கிணறு வெட்டினப்போ எனக்கு எட்டு வயசு, அவங்க பேரன்தான் இப்போ பயிர் வைக்கிறான்” என்று நான்கு பக்கமும் சொல்லிக்கொண்டே நடந்தார். சோழன் காலத்தில் யானை செய்த வேலையை அத்தை செய்தார். அந்தப் பேரனும் பத்திரத்தைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அவருடைய நல்ல மனசுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றுக்கு மனு எழுதியபோது அப்பாவின் பெயரையும், அவர் வழியில் எங்கள் பெயரையும் மட்டும் எழுதியிருந்தோம். தாத்தாவுக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். தாத்தா தானாகச் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. ஐம்பது வருஷமாக எங்களில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. எங்களுக்காக வரப்பில் நடந்தவரின் பெயரையே நாங்கள் விட்டிருந்தோம். கணக்கில் ஒரு சொல்லை விட்டது அலுவலகம் என்றால், ஒரு ஆளையே விட்டது நாங்கள். இப்போது பட்டாவில் அத்தை பெயர் இருக்கிறது. திரையில் அதைக் காட்டியபோது, தன் அப்பா பெயர் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

நாம் செய்ய வேண்டியவை

இனி, செய்முறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், பட்டாவைப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு தெரிந்தால் தமிழ்நாடு அரசின் இணையப் பக்கத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தாத்தா எழுதி வைத்த மாவட்டத்தில் தேடி ஏமாறாதீர்கள். எங்கள் ஊர் பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம், 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டம். 2019இலும் 2020இலும் தென்காசி, இராணிப்பேட்டை, மயிலாடுதுறை என்று புதிய மாவட்டங்கள் பிறந்தன. வட்டங்களும் பிரிந்திருக்கின்றன.

இரண்டாவது, பரப்பை ஒப்பிடுங்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். 1 ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். 1 ஏக்கர் என்பது ஏறக்குறைய 40.5 ஏர். எங்கள் 1 ஏக்கர் 10 சென்ட், பட்டாவில் 0 ஹெக்டேர் 44.5 ஏர் என்று வரும். குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய காணிக் கணக்காக இருந்தால் சென்னைப் பக்கத்துக் காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். காணி அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, வில்லங்கச் சான்றை எடுங்கள். 1975 முதல் உள்ள பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். வில்லங்கத்தில் பதிவு செய்த பத்திரங்கள் மட்டுமே வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதியாத உயிலும் வராது. ‘வில்லங்கம் ஒன்றுமில்லை’ என்ற தாளைப் பார்த்துவிட்டு வழக்கே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காவது, பட்டாவும் பத்திரமும் ஒன்றல்ல. வருவாய்க் கணக்கில் பெயர் இருப்பது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே திரையில் பெயர் சரியாக இருக்கிறது என்று மூலப் பத்திரத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

ஐந்தாவது, பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம் இருந்தால் இப்போது இணையம் வழியாகவே மனு கொடுக்க முடிகிறது. நிலத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். எழுத்துப் பிழையைத் தாசில்தார் மட்டத்தில் முடித்துக்கொள்ளலாம். உரிமையையே தொடுகிற யுடிஆர் பிழை என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக நேரிடும்.

இதில் வெளிமாநிலத் தமிழருக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்று உண்டு. தகப்பனார் இங்கே காலமானால் இறப்புச் சான்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பட்டா தமிழில் இருக்கும். அங்கே இனிஷியலோடு ஒரு பெயர், இங்கே இனிஷியலை விரித்து இன்னொரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர். மூன்று எழுத்தில் ஏறி இறங்கும்போது ஒரு மனிதர் மூன்று மனிதர் ஆகிவிடுகிறார். 2024இல் பெங்களூரில் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயமானபோது நம் வீடுகள் பலவற்றில் இந்தத் தலைவலியைப் பார்த்தோம். ஆகவே இருப்பவர்கள் இருக்கும்போதே எல்லாச் சான்றிலும் பெயரை ஒன்றுபோல் ஆக்கிவிடுவது நல்லது. ஆள் போனபிறகு திருத்துவது பெரும்பாடு.

ஏடும் ஆளும்

முடிக்குமுன் ஒரு பழைய செய்தி. சமணர் இல்லங்களில் நூல்களைப் படியெடுத்துக் கொடுப்பதைச் சாத்திர தானம் என்று போற்றுவோம். சீவக சிந்தாமணி ஏடுகள் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தன. உ.வே. சாமிநாதையர் அதை 1887இல் பதிப்பிப்பதற்கு முன்னால் ஒரே ஏட்டைப் பார்த்து அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. பல பிரதிகளைத் தேடி ஒப்பு நோக்கினார். அதுவும் போதாமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அதைப் பரம்பரையாகப் படித்து வந்தவர்களிடம் உட்கார்ந்து பொருள் கேட்டார். எழுத்து ஏட்டில் இருந்தது, விளக்கம் ஆளிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் நல்ல பதிப்பு வந்தது.

நிலப் பதிவுக்கும் இதுதான் விதி. 2021 முதல் இந்திய நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் 14 இலக்க அடையாள எண் கொடுக்கும் வேலையை மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எழுதப்படும் பெயர் யாருடையது என்று கணிப்பொறிக்குத் தெரியாது. அது தெரிந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். அடுத்த முறை குலதெய்வத்துக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும்போது பட்டாவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களோடு ஒருமுறை வரப்பில் நடந்து வாருங்கள். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். வீட்டுப் பெண்களின் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

எங்கள் அத்தை சென்ற ஆண்டு காலமானார்.